எதிர்க்கடை சி.டி.

செப்டம்பர் 15, திங்கள்

டாக்டர் என்னைக் கத்தக் கூடாது என்கிறார். "கோவம் வந்தா ஒரு நோட்டுல எழுதிப்போடுங்க, பி.பி. தானா எறங்கும்" என்றார். எழுதினாலே இறங்கும் என்றால் மாத்திரை எதற்கு என்று கேட்டேன். "பாத்தீங்களா, இதைத்தான் சொல்றனுங்க" என்றார். பொங்கலுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கொடுத்த டைரி பிரிக்காமலே கிடந்தது. எட்டு மாதத் தாள் வீணாகப் போய்விட்டது. மீதியையாவது உருப்படியாகப் பயன்படுத்துவோம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். நான் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை.

இன்றைய கோபம் கம்ப்யூட்டர் மேல்.

அத்தியப்பன் கடைக்கு வந்தார். எங்கள் திருச்செங்கோட்டில் பாதிப் பேர் போர்வெல் போடுகிற ரிக் வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே போய்ப் பிழைக்கிறவர்கள். அதில் இவர் பெரிய கை. ஆயுத பூஜை முடிந்ததும் இவருடைய வண்டிகள் ஆறும் மத்தியப் பிரதேசம் கிளம்புகின்றனவாம். எல்லாவற்றுக்கும் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு, புதிதாகக் கம்பெனிப் பேர், குலதெய்வம், பேத்திகள் பேர், சுற்றிலும் பூ வேலைப்பாடு வெட்டி ஒட்ட வேண்டும். அர்த்தநாரி ஸ்டிக்கர்ஸுக்கு, அதாவது எனக்கு, இந்த வருஷம் வந்த ஒரே பெரிய வேலை இதுதான். டிசைனை அவர் மருமகன் பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தான். என் கம்ப்யூட்டர் அதைத் திறக்க மாட்டேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடி சொன்னது.

"ஓ.எஸ். பழசாப் போச்சுங்க. அதை மாத்துங்க மொதல்ல" என்றார் அத்தியப்பன். பூமியில் ஓட்டை போடுகிறவருக்குக்கூட என் கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஓ.எஸ். புரோகிராமுக்கு என்ன வயசு என்று தெரிந்திருக்கிறது.

"ஆயுத பூசைக்கு மொத நாளு சாயங்காலம் வண்டி அத்தனையும் ரெடியா இருக்கோணும். ஆவாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. எதுத்தாப்புல குடுத்துப்போடறேன்."

எதிர்க்கடை என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேலவன் ஸ்டிக்கர்ஸ். அதன் முதலாளி செங்கோடன் என் கூடப் பிறந்த தம்பி. எங்களுக்குள் பேச்சு நின்று ஐந்தாறு வருஷம் இருக்கும். இந்த ஆர்டர் அங்கே போனால் நான் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் பழநியில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

"ஆவுமுங்க" என்றேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கம்ப்யூட்டர் சர்வீஸ் மோகனசுந்தரம் வந்து பார்த்தார். பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு இந்த உதடு பிதுக்குகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

"ஏனுங்ணா, ஓ.எஸ். மாத்தறது பெரிய வேலை இல்லீங்க. உங்க கட்டிங் மிஷின் ரொம்பப் பழசு. அதுக்கு டிரைவர் வேணும். அது கையில இருக்குதான்னு பாத்துப்போட்டு அப்பறம் கை வெக்கலாமுங்க."

கட்டிங் மிஷின் என்பது ஸ்டிக்கர் ரோலை உள்ளே விட்டால் கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்தை அப்படியே வெட்டித் தருகிற மிஷின். டிரைவர் என்பது கம்ப்யூட்டர் சொல்வதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி நடுவில் நின்று எடுத்துச் சொல்கிற ஒரு புரோகிராமாம். அது இல்லாவிட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்று சொல்வது மற்றதற்குக் கேட்காதாம். நல்ல கூத்து.

"இன்னொண்ணுங்ணா. பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்பிடியே கழட்டிப் பத்திரமா வெச்சுப்போட்டு, வேற ஒண்ணு வாங்கி அதுல புது ஓ.எஸ். போடலாம். ஏதாச்சும் சிக்கல்னா பழசை எடுத்து மாட்டிக்கலாமுங்க."

நன்றாக ஓடுகிற ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு இன்னொன்றை விலை கொடுத்து வாங்க வேண்டுமாம். "இதுலயே அழிச்சுப்போட்டுப் போடுங்க. மிஷினு இத்தனை வருசமா ஓடுது. எப்படி ஓடறதுன்னு அதுக்குத் தெரியாதா?" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். கடைக்குப் பின்னாலேயே இருக்கிற வீட்டிலிருந்து வந்த என் மனைவி கோகிலாமணியும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை.

எதிர்க்கடை இன்று ஒன்பதரைக்குத்தான் திறந்தது. எனக்கென்ன வந்தது.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு வீட்டில் கறி கிடையாது. டாக்டர் இதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கோபத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மோகனசுந்தரம் மேஜைக்குப் பின்னால் நுழைந்து ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி எடுத்துக்கொண்டு போனார். மேஜை வெறிச்சென்று இருக்கிறது. நாள் முழுக்க எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எந்தப் பக்கம் பார்ப்பது? கடை அந்தப் பக்கம் பார்த்துத்தானே இருக்கிறது.

அவன் இளைத்திருக்கிறான். சர்க்கரையாக இருக்கும். காட்டுத்தனமாக லட்டு தின்கிறவனுக்கு வராமல் என்ன செய்யும்.

செப்டம்பர் 19, வெள்ளி

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. மோகனசுந்தரம் ஒயரை எல்லாம் மாட்டி ஆன் செய்தார். கண்ணாடி துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அத்தியப்பன் மருமகனின் டிசைன் ஒரே அமுக்கில் திறந்துகொண்டது. பேத்திகள் பேர், பூ, கொடி, எல்லாம் என்ன அழகு! கோகிலாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா? ஹார்ட் டிஸ்க்கு வாங்கோணுமாம், ஹார்ட் டிஸ்க்கு" என்றேன்.

பிறகு 'கட்' என்பதை அமுக்கினேன்.

மிஷின் கம்மென்று இருந்தது.

"டிரைவர் சி.டி. குடுங்ணா, போட்டுடலாம்" என்றார் மோகனசுந்தரம், ஏதோ டீ கேட்கிற மாதிரி.

அந்த சி.டி. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததும் பி.பி. எகிறிவிட்டது. எழுதுகிறேன்.

கடை ஒன்றாக இருந்தபோது நானும் அவனும் சேர்ந்துதான் இந்தக் கம்ப்யூட்டரையும் மிஷினையும் வாங்கினோம். அப்புறம் ஒரு நாள் அவன், "புது மிஷின் வாங்கலாம், புது கம்ப்யூட்டர் வாங்கலாம்" என்று ஆரம்பித்தான். ஓடுகிறதை எதற்கடா மாற்றுவது என்றேன். "நீ இந்த டப்பாவையே கட்டிட்டு அழுவு" என்றான். நானும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை, அவனுக்கு இருக்கும். கடையைப் பிரிப்பது என்று ஆகிவிட்டது.

பிரித்து வைக்க ராமலிங்க மாமா வந்தார். காடு, கிணறு, எருமை எல்லாம் பாகம் பிரித்து வைத்த கை. கடைக்கு நடுவில் ஒரு சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அண்ணனுக்கு ஒன்று தம்பிக்கு ஒன்று என்று சாமான்களைப் பிரித்தார். ஏணி எனக்கு, ஏணியைச் சாத்துகிற கொக்கி அவனுக்கு. கத்திப் பிடி எனக்கு, பிளேடு டப்பா அவனுக்கு. கம்ப்யூட்டரும் மிஷினும் பெரிய சாமான் என்பதால் ரோல் அத்தனையும் சி.டி. பெட்டியும் அவன் பக்கம் போயின. "ஓரவஞ்சனை இல்லாம பிரிச்சுப்போட்டேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு வீட்டிலும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தப்பும் தெரியவில்லை. மிஷின்தான் ஓடிக்கொண்டிருந்ததே. சி.டி. யாருக்கு வேண்டும்?

"பழைய சிஸ்டத்துல இருந்து டிரைவரை எடுத்து வெச்சிருக்கலாமுங்ணா. நீங்கதான் அழிச்சுட்டுப் போடச் சொன்னீங்க" என்றார் மோகனசுந்தரம். நான் கத்தவில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

"தம்பியக் கேட்டா ஆச்சு" என்றாள் கோகிலாமணி.

"சோத்தைப் போடு" என்றேன்.

செப்டம்பர் 20, சனி

இன்டர்நெட்டில் தேடினால் கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது. 'டிரைவர் இங்கே' என்று பச்சையாக ஒரு பெரிய பட்டன். அமுக்கினேன். உடம்பு இளைக்க ஒரு லேகியம் வந்தது. இன்னொன்றை அமுக்கினேன். எனக்கு லாட்டரி விழுந்திருப்பதாகச் சொன்னது. மூன்றாவதில் கம்ப்யூட்டருக்குள் நூற்றுக்கணக்கான கிருமி இருப்பதாகச் சொல்லி ஒரு பெண் அலற ஆரம்பித்தாள். ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கினாள். அடுத்த கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வூட்ல சண்டைங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மிஷின் செய்த கம்பெனிக்குப் போன் போட்டுப் பார்த்தேன். அந்த நம்பரில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு எந்தத் தேதி வேண்டும் என்று கேட்டார்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க பவானி கூடுதுறைக்குப் போனோம். ஊரே அங்கேதான் இருந்தது. இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு பார்த்தால் அடுத்த வாழை இலையில் அவன் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து போனால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும் என்று நானும் எழவில்லை, அவனும் எழவில்லை.

ஐயர் என்னிடம் அப்பா பேர் கேட்டார். நாச்சிமுத்து என்றேன். அவனிடம் கேட்டார். நாச்சிமுத்து என்றான். தாத்தா பேர் கேட்டார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னோம். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணன் தம்பியா? சேர்ந்து உக்காந்தா ஒரு செட் சாமானோட முடிஞ்சிருக்குமே?" என்றார். நான் காவிரியைப் பார்த்தேன். அவன் பவானியைப் பார்த்தான். அப்பாவுக்கு இன்று இரண்டு பங்கு போய்ச் சேர்ந்திருக்கும். உயிரோடு இருந்தபோது அவர் இரண்டாவது இட்லி கேட்டால் நாங்கள் கணக்குப் பார்த்ததில்லை, அதனால் பரவாயில்லை.

கோகிலாமணியும் அவன் மனைவி தனபாக்கியமும் படித்துறையில் ஒன்றாக உட்கார்ந்து புளிச்சோறு தின்றார்கள். ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன பேச்சு என்று பஸ்ஸில் கேட்டேன். "ஊறுகாயப் பத்தி" என்றாள்.

செப்டம்பர் 22, திங்கள்

பேத்தி பேரைக் கையாலேயே வெட்டிப் பார்த்தேன். முதல் எழுத்திலேயே விரலில் பிளாஸ்திரி.

செப்டம்பர் 24, புதன்

இதை எழுதக் கூடாது. ஆனால் எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

மத்தியானம் வங்கிக்குப் போகிற வழியில் அவன் வீட்டுத் தெரு வழியாகப் போனேன். வங்கிக்கு அது வழியில்லைதான். அவன் வீட்டுக் காம்பவுண்டுக்குள் ஒரு பப்பாளி மரம். அதில் காக்கா வராமல் இருக்க நூல் கட்டி ஒரு சி.டி.யைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெயிலில் சுற்றிச் சுற்றிப் பளபளத்தது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. என் மிஷினின் உயிர் அது! அதைக் காக்கா ஓட்டுகிறதற்குக் கட்டி வைத்திருக்கிறான், பாவி!

அவன் கடையில் இருந்தான், அதை நான் கிளம்பும்போதே பார்த்துவிட்டேன். தெருவில் ஆள் இல்லை. காம்பவுண்டுச் சுவர் என் நெஞ்சளவுதான். ஐம்பத்தி நாலு வயசில், பி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நான் அந்தச் சுவரின் மேல் ஏறினேன். பப்பாளி மரம் கையை வைத்தாலே ஒடிகிற மரம் என்று தெரியும். அதனால் மரத்தில் சாயாமல் சுவரின் மேலேயே நின்றுகொண்டு எட்டினேன். விரல் நுனி சி.டி.யில் பட்டது. அது சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. மறுபடி எட்டினேன்.

"ஏனுங் மாமா."

கீழே தனபாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். கையில் துவைத்த துணி வாளி.

மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன். "பழம் பழுத்திருக்குதான்னு..." என்றேன்.

"பழம் வேணும்னா ஒரு வார்த்தை கேட்டா ஆவாதுங்களா? எறங்குங்க, பாத்து, பாத்து." வாளியை வைத்துவிட்டு, நான் இறங்க ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். பிறகு தொரட்டியால் ஒரு பழத்தைப் பறித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். "அக்காவுக்குக் குடுங்க. சர்க்கரைக்காரங்களே இதைத் திங்கலாமாம். எங்கூட்டுக்காரருக்கும் இதைத்தான் குடுக்கறேன்" என்றாள்.

சர்க்கரை என்று நான் சொன்னேனா இல்லையா.

பப்பாளியோடு வீட்டுக்கு வந்தேன். கோகிலாமணி எங்கே வாங்கியது என்று கேட்கவில்லை. நறுக்கித் தட்டில் வைத்தாள். நல்ல இனிப்பு.

செப்டம்பர் 25, வியாழன்

அத்தியப்பன் வந்து மிஷினைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். "நாள் நெருங்குதுங்களே" என்றார். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றேன்.

"ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து உங்க தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தேன். கையில வேலை நெறையா இருக்குது, ஆவாதுன்னு சொல்லிப்போட்டாப்ல. உங்களை நம்பித்தான் இருக்கேன்."

வேலை நிறையவாம்! நேற்று முழுக்க அவன் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பரைத் தலையிலிருந்து கால் வரை படித்துக்கொண்டிருந்ததை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஒரு கிராக்கி வரவில்லை. ஆறு வண்டி வேலை வாசலில் வந்து நிற்கிறது, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். சுத்தச் சோம்பேறி. சின்ன வயசிலேயே அப்படித்தான்.

இதைச் சொன்னதும் கோகிலாமணி என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "உங்களுக்கு நெசமாவே வெளங்கலையா, வெளங்காத மாதிரி இருக்கறீங்களா?" என்றாள்.

என்ன விளங்கவில்லை என்று கேட்டேன். எழுந்து போய்விட்டாள்.

எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. பப்பாளியால் இருக்கும்.

செப்டம்பர் 27, சனி

காலையில் ஷட்டரைத் தூக்கும்போது செங்கோடன் ரோட்டைத் தாண்டி வந்தான். கையில் மஞ்சள் பை. நேராக உள்ளே வந்து கோகிலாமணியின் முன்னால் நின்றான்.

"அண்ணி, இந்த சி.டி.ய அவருகிட்டக் குடுத்துருங்க" என்றான். அவர் என்றால் நான். ஒரு முழம் தள்ளி நிற்கிறேன்.

"மரத்துல வெயில்ல காஞ்ச சி.டி. எப்படி ஓடும்னு கேளு கோகிலா" என்றேன்.

"மரத்துல தொங்கறது எங்க கல்யாண சி.டி.ன்னு சொல்லுங்க அண்ணி. மிஷின் சி.டி. பீரோவுல நகைப் பெட்டிக்குப் பக்கத்துல இருந்துது."

கோகிலாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பையைப் பிரித்தேன். கவர், அதற்குள் வெல்வெட் துணி, அதற்குள் சி.டி. ஒரு கீறல் இல்லை. வெல்வெட் துணியை மடிப்புக் கலையாமல் மடித்து மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். நல்ல துணி, வீணாகப் போகக் கூடாது.

சி.டி.யைப் போட்டோம். இது பழைய ஓ.எஸ்.ஸுக்கு எழுதியது, என்னிடம் வேலை செய்யாது என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

"புது சிஸ்டத்துலயே பழசு மாதிரி ஓட வெக்கறதுக்கு ஒரு வழி இருக்குது. அந்த ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணச் சொல்லுங்க அண்ணி" என்றான்.

"பண்ணியாச்சுன்னு சொல்லு."

"அதுல ரெண்டாவதா இருக்கறதை அமுக்கச் சொல்லுங்க."

"எது ரெண்டாவதுன்னு கேளு. மேல இருந்தா, கீழ இருந்தா?"

கோகிலாமணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்குது? நடுவுல நா ஒருத்தி எதுக்கு? எனக்கு அடுப்புல பருப்பு கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

பிறகு செங்கோடன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னான்: "யாராச்சும் மேல இருந்து ரெண்டாவதை அமுக்குனாத் தேவலை."

நான் ஸ்டிக்கர் ரோலைப் பார்த்துச் சொன்னேன்: "யாராச்சும் கண்ணாடியப் போட்டுட்டுப் பாத்தா, அதை எப்பவோ அமுக்கியாச்சுன்னு தெரியும்."

"அமுக்குனவங்க ஓகேயையும் அமுக்கியிருந்தா முடிஞ்சிருக்கும்."

ஓகேயை அமுக்கினேன். பச்சைக் கோடு மெல்ல ஓடி முடிந்தது. மிஷினின் பேர் திரையில் வந்துவிட்டது. டிரைவர் ஏறிவிட்டது! 'கட்' அமுக்கினேன். ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினேன். பத்துத் தடவை அமுக்கினேன். மிஷின் அசையவில்லை.

அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன். வண்டி போச்சு, ஆர்டர் போச்சு, கடையும் போச்சு.

செங்கோடன் மேஜைக்கு அடியில் படுத்து உள்ளே போனான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் மிஷின் ஒயரைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது.

"அடக் கெரகமே!"

"என்னன்னு யாராச்சும் சொன்னாத் தேவலை" என்றேன்.

"சந்தனம்! ஆயுத பூசைக்கு ஆயுத பூசை ஒயரு சொருவற எடத்துலயே சந்தனமும் குங்குமமும் அப்பி வெச்சிருக்காங்க. ஒயரு மாட்டியே இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆவலை. சர்வீஸுக்குப் புடுங்குனப்ப காஞ்ச சந்தனம் அத்தனையும் ஓட்டைக்குள்ள உழுந்து அடைச்சுக்கிச்சு."

வருஷா வருஷம் வைத்தது நான்தான். சாமி காரியத்தில் ஓரம் பார்க்கக் கூடாது என்று ஒரு ஓட்டை விடாமல் வைப்பேன். ஒன்றாக இருந்தபோது அவன் முன்னாலேயே அங்கெல்லாம் காகிதத்தை ஒட்டி வைப்பான். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை.

ஊக்கு கேட்டான், சுவரைப் பார்த்துத்தான். கொடுத்தேன். பழைய பல் பிரஷ் கேட்டான். கொடுத்தேன். சுரண்டிச் சுரண்டி, ஊதி ஊதி எடுத்தான். ஒரு ஸ்பூன் சந்தனம் வந்தது. ஒயரை மாட்டிவிட்டு வெளியே வந்தவன், ரோல் கோணலாக இருக்கிறதே என்று மிஷினுக்குள் கையை விட்டு அதை நேராக்கினான்.

நான் பத்துத் தடவை அமுக்கியது எல்லாம் உள்ளே சேர்ந்து கிடந்திருக்கிறது. மிஷினுக்கு ஒரே நேரத்தில் உயிர் வந்தது. பிளேடு 'விர்ர்' என்று அந்தக் கோடியிலிருந்து அவன் கையைப் பார்த்துப் பாய்ந்தது.

"டேய் செங்கோடா! கைய எட்றா!"

அந்தக் கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். கையை இழுத்துக்கொண்டான். சட்டைக் கையில் ஒரு இஞ்ச் கிழிந்தது, அவ்வளவுதான். நான் அவன் கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அஞ்சு விரலும் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

"ஒண்ணும் ஆவலீங்ணா" என்றான்.

மிஷின் ஓடுகிற சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "என்ன?" என்றேன்.

"ஒண்ணும் ஆவலீங்ணா" என்றான் மறுபடியும்.

மிஷின் அத்தியப்பனின் பேத்தி பேரைப் பத்துத் தடவை வெட்டித் தள்ளியது. ஒரு ரோலில் பாதி வீண். நான் நிறுத்தவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

கடை திறந்திருந்தது. எதிர்க்கடை பூட்டியிருந்தது. இரண்டு முதலாளியும் இங்கேதான் இருந்தோம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வண்டிகள் ஆறும் முடிந்தன. நான் வெட்ட வெட்ட அவன் ஒட்டினான். ஒரு குமிழ் இல்லை, ஒரு கோணல் இல்லை. பெரிய எழுத்து ஒட்டுவதற்கு அவன் கையை அடிக்க ஆளில்லை, அதை நான் எப்போதும் சொல்வேன். அவனிடம்தான் சொன்னதில்லை. சாயங்காலம் அத்தியப்பன் வந்து வண்டி வண்டியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணன் தம்பி சேந்தாத்தானுங்க வேலை" என்றார். பணத்தை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவனிடம் கொடுக்கச் சொன்னேன், அவன் என்னிடம் கொடுக்கச் சொன்னான். கடைசியில் கோகிலாமணி வந்து வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் போன பிறகு செங்கோடன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். டீ குடித்தான். சர்க்கரை இல்லாத டீ. நான் தனியாகப் போடச் சொல்லியிருந்தேன். மிஷினை ஒரு பார்வை பார்த்தான்.

"ஏனுங்ணா, இந்த டப்பாவை இன்னும் எத்தனை நாளைக்குக் கட்டிட்டு அழுவறது? புதுசு ஒண்ணு வாங்கலாமுங்க."

"ஓடறதை எதுக்குடா மாத்தறது?"

"ஓடுச்சா? யாரு வந்து ஓட்டுனது?"

"நீ வரலீன்னா ஓடாதா? நான் செவுரு ஏறியாவது சி.டி. எடுத்திருப்பேன்."

"ஏறுனதுதான் தெரியுமே! அதுக்கப்பறம் ஒரு வாரமா தனபாக்கியம் சிரிச்சுச் சிரிச்சுச் சோறு கொழைஞ்சு போவுது."

"உன்ற பொண்டாட்டிக்கு வாய் ஜாஸ்திடா!"

"உங்களுக்குக் கம்மியா? அன்னைக்கு என்னையப் பாத்து என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

இப்படி ஆரம்பித்தது, விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் ஓயவில்லை. ஏணியும் கொக்கியும் வந்தன, ராமலிங்க மாமா வந்தார், லட்டு வந்தது, நான் அவன் மகள் பெரியவளான சீருக்குப் போகாதது வந்தது, அவன் என் ஆஸ்பத்திரிக்கு வராதது வந்தது. நான் கத்தினேன். அவன் மேஜையைத் தட்டினான். அடுத்த கடைக்காரர் வந்து விலக்கிவிடப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து அவரை, "நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று அனுப்பி வைத்தோம்.

பாதியில் தனபாக்கியம் போன் செய்து சாப்பிடக் கூப்பிட்டாள். செங்கோடன் எழுந்தான், மூச்சு வாங்கியது. நாளைக்கு ஆயுத பூஜை, நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம், மீதிச் சண்டையை நாளன்னிக்குக் காலையில் வந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

நாளன்னிக்குக் கடையைச் சீக்கிரம் திறக்க வேண்டும்.